சின்னப் படகுக்குப் பழைய அவுட்போர்டு வாங்கும்போது எந்த பிராண்டை நம்பலாம்?

நீங்கள் கேட்டிருப்பது: 14 அடி அலுமினியப் படகுக்கு 15 எச்.பி.யில் பழைய அவுட்போர்டு, அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் மோட்டார் வேண்டும். யமஹா டூ ஸ்ட்ரோக் ஒன்று, மெர்குரி ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்று, 1990-களில் வந்த ஜான்சன் டூ ஸ்ட்ரோக் ஒன்று என மூன்று கண்ணில் பட்டிருக்கின்றன. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை வாங்குவது?

பிராண்டைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மூன்று மோட்டாரின் மாடல் எண்ணையும் எழுதிக்கொண்டு, நீங்கள் பாகம் வாங்கப்போகும் கடைக்கு ஒரு போன் போடுங்கள். தண்ணீர் பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர், கியர் பெட்டிக்கான சீல்கள், கார்புரேட்டர் கிட், சி.டி.ஐ. யூனிட் கிடைக்குமா, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். இம்பெல்லர் அநேகமாக எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும். உண்மையைச் சொல்லிவிடுவது சி.டி.ஐ. தான். ஸ்பார்க்கை நேரம் தவறாமல் கொடுக்கும் அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி போய்விட்டால் பழுதுபார்க்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். அது கிடைக்காத மோட்டார் எவ்வளவு நல்ல பெயர் எடுத்திருந்தாலும் என்றாவது ஒருநாள் கரையிலேயே உட்கார்ந்துவிடும். அந்த பிராண்டைப் பிரித்து மாட்டிப் பழகிய மெக்கானிக் பக்கத்தில் யார் என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். பழைய சின்ன மோட்டார்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் முடிவில் பாதி இந்தப் போனிலேயே வந்துவிடும்.

அடுத்து, மூடியில் ஒட்டியிருக்கும் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். சின்ன மோட்டார்களில் ஒரு கம்பெனி செய்வதை இன்னொரு கம்பெனி தன் பெயரில் விற்பது காலங்காலமாக நடக்கிறது. 30 எச்.பி.க்கு உட்பட்ட மெர்குரி ஃபோர் ஸ்ட்ரோக்குகளில், அதிலும் கடந்த பல வருடங்களில் வந்தவற்றில், பெரும்பாலானவை ஜப்பானின் டொஹாட்சு செய்தவை. நிசான் பெயரில் வந்த அவுட்போர்டுகளும் டொஹாட்சுதான். மெர்குரியின் இன்னொரு பெயரான மரைனரில், பழைய மாடல்கள் சில யமஹாவிலிருந்து வந்தவை. 2000-க்குப் பிறகு வந்த ஜான்சன் ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் பல சுசுகியின் கைவேலை. இதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்குத்தான் லாபம். மெர்குரி கடையில் ஒரு பாகம் இல்லையென்றால் டொஹாட்சு எண்ணில் தேடலாம். அதிகம் பேசப்படாத பெயரில் ஒரு நல்ல மோட்டார் குறைந்த விலைக்கு அகப்படவும் வாய்ப்புண்டு. டொஹாட்சுவுக்கு அதன் தரத்துக்கு ஏற்ற பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

ஜான்சன், எவின்ரூட் கதை வேறு. ஓலே எவின்ரூட் 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரிலிருந்துதான் இந்தத் தொழிலே வேகமெடுத்தது. இரண்டு பெயரையும் வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனி ஓ.எம்.சி. 2000 டிசம்பரில் திவாலானது. கனடாவின் பம்பார்டியர் கம்பெனி அந்த மோட்டார் தொழிலை வாங்கி நடத்தியது. அங்கிருந்து பிரிந்த பி.ஆர்.பி. 2020-ல் எவின்ரூட் அவுட்போர்டு தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதனால் இந்த மோட்டார்கள் மட்டம் என்று ஆகிவிடாது. 1970-கள் முதல் 90-கள் வரை வந்த 9.9, 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக் ஜான்சன்கள் அவ்வளவு எளிமையானவை. ஏராளமாக விற்றதால் வெளிக் கம்பெனிகள் செய்யும் பாகங்களும் இன்றுவரை வருகின்றன. எவின்ரூட்டின் கடைசிக் காலத்து ஈ-டெக் மோட்டார்கள்தான் எனக்குத் தயக்கம் தருபவை. அவற்றில் எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை. கோளாறு வந்தால் அதற்கென்று தனி மென்பொருளும் அதில் பழகிய ஆளும் வேண்டும்.

யமஹா டூ ஸ்ட்ரோக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீனவர்கள் உப்புத் தண்ணீரில் நாள்தவறாமல் ஓட்டும் மோட்டார் அது, அதனால் பாகமும் பழக்கமும் பல இடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதே காரணத்தால், விற்பனைக்கு வரும் பழைய யமஹா கடுமையாக உழைத்து ஓய்ந்ததாகவும் இருக்கலாம். சுசுகியும் ஹோண்டாவும் உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் கிடைத்தால் பாருங்கள். ஹோண்டா 1964 முதல் அவுட்போர்டில் ஃபோர் ஸ்ட்ரோக் மட்டுமே செய்துவருகிறது. சத்தம் குறைவு, எடை கொஞ்சம் கூடுதல்.

எடை என்றதும் டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்ற பேச்சுக்கு வந்துதான் ஆக வேண்டும். 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக் சுமார் 35 கிலோ. அதே சக்தியுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் 45 முதல் 50 கிலோ வரை போகும். ஒவ்வொரு முறையும் மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் முதுகில் தெரியும். படகின் பின்பக்கமான அமரத்தில் அந்த எடை உட்காரும்போது முன்பக்கமான அணியம் தூக்கிக்கொள்வதையும் பார்ப்பீர்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் மிச்சம், புகை இல்லை, எண்ணெய் கலக்கும் வேலையும் இல்லை. ஆனால் கார்புரேட்டர் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் பெட்ரோல் போகும் ஜெட் துளைகள் மிக நுண்ணியவை. பெட்ரோலை உள்ளேயே விட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால் அது பிசினாகி அடைத்துக்கொள்ளும். அதனால் "ரொம்பக் கம்மியாத்தான் ஓட்டியிருக்கோம்" என்று யாராவது சொன்னால் நான் சந்தோஷப்படுவதில்லை. வாரம் தவறாமல் ஓடிய மோட்டார், பல வருடம் சும்மா நின்ற மோட்டாரைவிட நல்லது. இன்னொன்று, சில ஏரிகளில் கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்குக்கு அனுமதியே இல்லை. அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1999-லேயே தடை வந்துவிட்டது. நீங்கள் ஓட்டப்போகும் தண்ணீரின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான இடம். மோட்டாரைப் பார்க்கப் போகும்போது, நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். போனதும் மூடியைக் கழற்றி சிலிண்டர் தலையைத் தொடுங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

அப்புறம் கியர் பெட்டி. ஒரு ஸ்க்ரூடிரைவரும் வெள்ளைக் கிண்ணம் ஒன்றும் எடுத்துப் போங்கள். மோட்டார் கொஞ்ச நேரம் செங்குத்தாக, அசையாமல் நின்றிருக்க வேண்டும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அது அடியில் இறங்கியிருக்கும். கீழ்த் திருகை மெதுவாகத் தளர்த்தி முதல் சில சொட்டுகளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். முதலில் தெளிந்த தண்ணீர் வந்தாலோ, எண்ணெய் பால் கலந்த காபி போல இருந்தாலோ சீல் போய்விட்டது. சீல் மட்டும் என்றால் சின்னச் செலவுதான், ஆனால் தண்ணீரோடு எத்தனை நாள் ஓடியது, பேரிங் துருப்பிடித்ததா என்பது திறந்தால்தான் தெரியும். திருகின் நுனியில் காந்தம் இருந்தால் அதையும் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான பசை ஒட்டியிருப்பது சாதாரணம். நகத்தில் உறுத்தும் இரும்புச் சில்லு இருந்தால் கியரின் பல் உடைந்துகொண்டிருக்கிறது. புத்தம் புது எண்ணெய் பளபளவென்று வந்தால், ஏன் இப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ப்ரொப்பெல்லரைக் கழற்றி ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த நரம்புதான் சீலை அறுத்து உள்ளே தண்ணீரை விடுவது.

கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம் பார்க்கும்போது எண் எவ்வளவு என்பதைவிட, இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லையே என்பதைக் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்ய எளிதாக இருக்க அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு சில ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் உண்டு. அவற்றில் எண் குறைவாகக் காட்டும், பயப்பட வேண்டாம்.

தொட்டியில் வைத்து ஓட்டிக் காட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். சுமை இல்லாமல் எந்த மோட்டாரும் இனிமையாகத்தான் ஓடும். படகில் மாட்டி, முழு த்ராட்டில் கொடுத்துச் சில நிமிடம் ஓட்டினால்தான் ஒரு சிலிண்டர் விட்டுப்போவதும், தேய்ந்த கிளட்ச் கியரிலிருந்து நழுவித் தடதடப்பதும் வெளியே வரும். மோட்டாரைக் குளிர்வித்துவிட்டுப் பக்கவாட்டுத் துளையில் பீய்ச்சும் தண்ணீர் ஆரம்பம் முதல் கடைசி வரை பலமாக இருக்க வேண்டும். போகப் போக மெலிந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அல்லது உள்ளே உப்புப் படிந்து வழி அடைத்திருக்கலாம். முதலாவது எளிது, இரண்டாவது பெரிய வேலை.

ஷாஃப்ட் நீளத்தை மறந்துவிடாதீர்கள். உங்கள் படகின் பின்பலகை 15 அங்குலம் என்றால் ஷார்ட், 20 என்றால் லாங். நீளம் பொருந்தாத மோட்டார் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். மோட்டாரைப் பின்பலகையில் பிடித்திருக்கும் தாங்கியில் உள்ள சீரியல் எண் தகடு சுரண்டப்பட்டிருந்தாலும் அப்படியே திரும்பிவிடுங்கள், அது திருட்டு மோட்டாராக இருக்கலாம்.

சரி, உங்கள் மூன்றில் எது? மூன்றும் இந்தச் சோதனைகளில் தேறி, உங்கள் தண்ணீரில் டூ ஸ்ட்ரோக்குக்குத் தடையும் இல்லையென்றால் நான் யமஹாவைத்தான் எடுப்பேன். எடை குறைவு, உள்ளே கெட்டுப்போகவும் சங்கதி குறைவு. தினமும் நீண்ட நேரம் ஓட்டுவீர்கள், மோட்டார் படகிலேயே இருக்கும் என்றால் மெர்குரி. பெட்ரோலில் மிச்சமாவது விரைவிலேயே தெரியும். ஜான்சனை, பழைய டூ ஸ்ட்ரோக்கில் கைதேர்ந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்து, மற்ற இரண்டைவிட விலையும் நன்றாக இறங்கினால் மட்டும் வாங்குங்கள். எதை வாங்கினாலும், தண்ணீரில் இறக்கும் முன் இம்பெல்லர், கியர் ஆயில், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள். அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.