ஐரிஷ் மொழியில் சோதிடரைக் குறிக்கும் சொல் என்ன? அது எப்படி வந்தது?

'நேலதோர்' என்ற சொல்லை எங்கோ படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இன்றைய வழக்கில் 'அஸ்ட்ரலீ' என்பார்கள், அது ஐரோப்பா முழுக்க ஓடும் பொதுச்சொல். பழையது நேலதோர்தான். 'நேல்' என்றால் மேகம். பின்னால் வருவது செய்பவரைக் குறிக்கும் விகுதி, லத்தீனிலிருந்து வந்தது. மேகத்தைப் பார்த்து நிமித்தம் சொல்பவர், அப்புறம் விண்மீன் பார்ப்பவருக்கும் அதே பெயர். "பொட்டுத் தூக்கம் இல்லை" என்பதற்கும் அங்கே இந்த நேல்தான் வரும்.

இலக்கணத்தில் ஆண்பால். பெயர்ச்சொற்களை அவை வேற்றுமையில் மாறும் விதத்தை வைத்து வகுப்புகளாகப் பிரிப்பார்கள், இது அதில் மூன்றாம் வகுப்பு. 'சோதிடருடைய' என்றால் 'நேலதோர', பன்மை 'நேலதோரீ'.

டப்ளினில் ஒரு மாலை வகுப்பில் ஐரிஷ் படிக்கிறேன். எங்கள் ஊரில் சாதகம் பார்ப்பது ஒரு ஆச்சி. ஊரே அவரிடம்தான் போகும். அவரை மனதில் வைத்து, பெண் சோதிடர் என்றால் சொல் மாறுமா என்று கேட்டேன். மாறாது என்றார் ஆசிரியை. 'நல்ல' என்பதற்கு 'மா' என்று ஒரு சொல் உண்டு. பெண்பால் பெயருக்குப் பின் அது 'வா' என்று மெலியும். ஆனால் ஆச்சியைச் சொன்னாலும் 'நேலதோர் மா' தான். 'அவள்' என்ற சுட்டு மட்டும் பெண்பாலில் வரும். எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. வாக்கியத்தை எழுதி ஊருக்கே அனுப்பினேன்.

அங்கேதான் வம்பு. உறவினர் வாட்ஸப் குழுவில் ஒருவர், நேல் என்பது நம் 'நீலம்'தான், ஐரிஷே தமிழிலிருந்து வந்தது என்று ஆரம்பித்துவிட்டார். நான் மொழியியல் பட்டம் வாங்கியவன் இல்லை, தமிழ்மேல் பற்று இல்லாதவனும் இல்லை. ஆனாலும் தப்பு தப்புதான். லத்தீன் நெபுலா, கிரேக்க நெஃபெலே, சமஸ்கிருத நபஸ் எல்லாம் நேலுக்கு உறவு. 'நெப்ல' என்று இருந்ததில் நடு மெய் தேய்ந்து எகரம் நீண்டது, அவ்வளவுதான். நீல நிறத்துக்கு அவர்கள் சொல் 'கோரம்'. இதையெல்லாம் எழுதியதற்குத் தமிழ்த் துரோகி என்று பட்டம் கட்டினார்கள். தமிழுக்கு இருக்கும் பெருமை போதாதா? அடுத்தவன் சொல்லை ஏன் பிடுங்க வேண்டும்?

இங்கும் அப்படி யாராவது வந்தால், முதலில் அந்த எகரம் ஏன் நீண்டது என்று சொல்லட்டும். அப்புறம் பேசலாம்.