ஜப்பானில் சோற்றில் குச்சியை ஏன் குத்தி நிறுத்தக் கூடாது?

ஜப்பானியர் சாப்பிடும் குச்சிக்கு 'ஹாஷி' என்று பெயர். அதைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர் முகமே மாறிவிடும். இறந்தவருக்குப் படைக்கும் கிண்ணச் சோற்றில்தான் அப்படிக் குத்தி வைப்பார்கள்.

குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு நேராக ஒரு துண்டு மீனை மாற்றுவது, என்னைக் கேட்டால், அதைவிட மோசம். தகனம் முடிந்ததும் உறவினர்கள் எலும்புத் துண்டுகளைக் குச்சியால் எடுத்து, அப்படிக் கைமாற்றித்தான் கலசத்தில் சேர்ப்பார்கள். கல்யாணப் பந்தியில் யாராவது வாய்க்கரிசி போடுவதுபோல் செய்து காட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தச் சங்கடம்தான். கொடுக்க நினைத்தால் அவர் தட்டில் வைத்துவிடுங்கள். குச்சியைக் கீழே வைக்கத் தாங்கி இல்லையென்றால் அதன் காகித உறையை மடித்துக்கொள்ளலாம்.

அப்புறம், நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சுவதும் அங்கே தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ராமென், சோபா போன்ற நூடுல்ஸ் விற்கும் கடைகளில் அது சர்வசாதாரணம்.