ஊருக்கு ஆர்ஓ வாங்கும் முன் வீட்டுக் குடத்தைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் திருவாடானைப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள், சிங்கப்பூரில் 35 பேர் இருக்கிறோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 20,000 வெள்ளி சேர்த்துவிட்டோம். ஊரில் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. அங்கன்வாடிப் பிள்ளைகள் எடை கூடவில்லை என்கிறார்கள். காவிரித் தண்ணீர் நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஆர்ஓ பிளான்ட் ஒன்று போட்டுக் கொடுத்து, இங்கிருந்து பால்பவுடரும் சத்துபானமும் அனுப்பலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். எந்த பிளான்ட் நல்லது? - யீஷூன் வாசகர்

பதில்: எந்த பிளான்ட்டின் பெயரையும் சொல்லப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டிய பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "நாலைந்து நாளுக்கு ஒருமுறை."

ஆர்ஓ என்பது உப்பை எடுக்கிற இயந்திரம். உங்கள் ஊருக்கு வரும் கூட்டுக் குடிநீர் திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையில் எடுத்து வருவது. அதில் உப்பு ஒரு பிரச்சினையே இல்லை. அந்தத் தண்ணீரைக் கெடுப்பவை வேறு இரண்டு. தண்ணீர் வராத நாளில் குழாயில் அழுத்தம் இருக்காது, விரிசல் உள்ள இடமெல்லாம் பக்கத்துச் சாக்கடைநீரை உள்ளே இழுக்கும். அது ஒன்று. மற்றது, நாலு நாளுக்குச் சேர்த்து வைக்கிற குடமும் டிரம்மும். சிங்கப்பூரில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறோம் என்றால், இங்கே குழாயில் எந்நேரமும் அழுத்தம் உண்டு, தண்ணீரில் கிருமிநாசினி கொஞ்சம் மிச்சம் இருக்கும். வெறும் இயந்திரத்தால் வந்த சுத்தம் இல்லை இது. 1963இல் பத்து மாதம் தண்ணீர்ப் பங்கீடு நடந்த காலத்தில் இங்கேயும் வீட்டுக்கு வீடு டிரம்தான். வயதான யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

முப்பது வருடம் தண்ணீரைச் சோதித்தே பிழைத்தவன் நான். என் சொந்த ஊரிலும் ஒரு ஆர்ஓ கூடம் இருக்கிறது. கதவில் பூட்டு, சுவரில் நன்கொடையாளர் பெயர்கள் மட்டும் பளிச்சென்று. இரண்டாம் வருடம் மெம்பிரேன் (உப்பைப் பிரிக்கிற சவ்வு) போயிற்று, மாற்றப் பணமில்லை. ஓடிய காலத்திலும் ஒரு குடம் நல்ல தண்ணீருக்குக் கிட்டத்தட்ட இன்னொரு குடம் கழிவாக வாய்க்காலில் போனது. அதைவிட முக்கியம், ஆர்ஓ தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்காது. கேனில் பிடித்துவந்து வீட்டில் ஒரு கை பட்டால் போதும், கிருமி பெருகிவிடும்.

விற்பனையாளர் ஊருக்கு வந்தால் இரண்டு வித்தை காட்டுவார், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் மீட்டரை முக்கி "பார்த்தீர்களா, 600!" என்பார். அது கரைந்த உப்பின் கணக்கு, கிருமியைப் பற்றி அது வாயே திறக்காது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் அளவுகோலான ஐஎஸ் 10500இல் விரும்பத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை அனுமதி. அடுத்தது, தம்ளரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். தண்ணீர் சேறுபோல் பழுப்பாகும், கூட்டம் "ஐயோ" என்னும். அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வருவதில்லை, இரும்புக் கம்பி கரைந்து வருவது. ஆர்ஓ தண்ணீரில் மின்சாரம் பாய உப்பு இல்லாததால் கம்பி கரையாது, அவ்வளவுதான்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்றால் என் பேச்சு மாறும். உப்பு 2000க்கு மேல், ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல், நைட்ரேட் 45க்கு மேல் என்று வந்தால் ஆர்ஓவைப் பற்றி யோசிக்கலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்காமல் ஒரு காசும் செலவழிக்க வேண்டாம்.

முதல் வேலை மலிவானது. எச்2எஸ் புட்டி என்று ஒன்று உண்டு. அதில் தண்ணீரைக் கோடுவரை ஊற்றி மூடி, நம்மூர் வெக்கையில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த தண்ணீர் கறுத்துவிடும். ஒரே நாளில் நாலு இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள்: மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், ஒரு வீட்டு டிரம், அதே வீட்டில் குழந்தை குடிக்கிற தம்ளர். தொட்டிப் புட்டி தெளிவாக இருக்கும், தம்ளர்ப் புட்டி மை மாதிரி இருக்கும். பல ஊர்களில் நான் கண்டது இதுதான். அடுப்படியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் காரணம் தெரிந்துவிடும். குடத்துக்குள் சொம்பு போகிறது, சொம்போடு நாலு விரலும் போகிறது. அதே விரல்தான் சற்றுமுன் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டது.

ஆகவே பணத்தை இங்கே போடுங்கள்: கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கெல்லாம் மூடியும் அடியில் குழாயும் உள்ள பாத்திரம், கழிப்பறைப் பக்கம் சோப்பு. டிரம்முக்கும் இறுக்கமான மூடி வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு. இங்கே பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றாலே அபராதம் கட்டுகிற நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

தொட்டிக்குக் குளோரின் போடுவது பஞ்சாயத்தின் வேலை, டேங்க் ஆபரேட்டரிடம் பேசுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது தமிழ்நாட்டில் சொல்லும் கணக்கு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிட வேண்டும். மூட்டை திறந்தே கிடந்தால் பவுடர் வீரியம் இழந்துவிடும், பல ஊரில் போடுவது வெறும் சுண்ணாம்புதான். கடைசித் தெருக் குழாயில், மிச்சக் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் காட்டினால் சரி. அந்தக் கடைசிக் குழாயைத் தினம் பார்த்து நோட்டில் எழுத மகளிர் குழுவில் ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் ஊதியம் கொடுங்கள். 20,000 வெள்ளியில் பெரும்பங்கு இப்படி ஐந்து வருட ஊதியத்துக்கும் பழுதுக்கும் ஒதுங்கட்டும். கல்வெட்டு இருக்காது, பரவாயில்லை.

தண்ணீர் சுத்தமானதும் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்று எண்ணாதீர்கள். பங்களாதேஷ், கென்யா, ஜிம்பாப்வே நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் 2018 வாக்கில் வெளிவந்தன. தண்ணீர், கழிப்பறை, கைகழுவல் மட்டும் கொடுத்த இடங்களில் உயரம் கூடவில்லை. உணவும் சேர்ந்த இடத்தில்தான் கொஞ்சமாவது கூடியது.

பால்பவுடர் வேண்டவே வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடக் கூடாது. குழந்தைகளுக்கான பால்மாவையும் பால்புட்டியையும் இலவசமாக வழங்குவதற்கு இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடையாக நிற்கிறது. அழுக்குத் தண்ணீரில் கரைத்த பால்மா என்ன செய்யும் என்று சொல்லவா வேண்டும்! சத்துபானத்தில் சர்க்கரைதான் கணிசம். இங்கே முஸ்தபா கடையில் ஒரு டின் வாங்கும் காசுக்கு ஊரில் எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் போடுங்கள்.

கவனிக்க வேண்டியது ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை. இந்த வயதுப் பிள்ளை அங்கன்வாடிக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, வீட்டில் நீர்த்த சோறும் பிஸ்கட்டும் தின்று வயிறு நிறைகிறது. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு மாட்டுக்கு வைக்கும் கழனித்தண்ணீரில் சேர்வதை நானே பார்த்திருக்கிறேன். தாயைக் குறை சொல்லாதீர்கள், அதே கஞ்சியைத் தினம் காய்ச்சினால் எந்தப் பிள்ளையும் துப்பும். அதே மாவில் வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் கொழுக்கட்டை பிடித்தார் ஒரு அப்பத்தா, பிள்ளை இரண்டாவதுக்குக் கை நீட்டியது. தினம் ஒரு முட்டை, குழைந்த சாதத்தில் பருப்பும் ஒரு கரண்டி எண்ணெயும், முருங்கைக்கீரை, பொடித்த வேர்க்கடலை. ஒன்பது மாதத்துக்குமேல் ஒருநாளைக்கு மூன்று நாலு வேளை. இந்த முட்டைச் செலவை உங்கள் குழு ஏற்கலாம்.

பிள்ளையின் மேல்கை நடுவில் சுற்றி அளக்கும் நாடா ஒன்றையும் வாங்கிக் கொடுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கவனம் தேவை, 11.5க்குக் கீழே என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் எனும் உப்புச்சர்க்கரைக் கரைசல், கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். இது அங்கே இலவசம், பாதி வீடுகள் பாதியில் நிறுத்திவிடும்.

பணம் அனுப்பும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உங்கள் 35 பேருக்குள் சேர்த்தவரை சரி, வெளியே பொதுமக்களிடம் வெளிநாட்டு அறப்பணிக்கு நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பை வங்கிவழி அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் தரும் பணம் ஆகும். அதைப் பெற ஊரில் உள்ள அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ எனும் இந்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள்.

அடுத்து ஊருக்குப் போகிறவர் யார்? அவர் கையில் அந்த நாலு புட்டிகளுக்கான வேலையைக் கொடுங்கள். எது கறுத்தது, எது கறுக்கவில்லை என்று எழுதி அனுப்புங்கள், அதன்பின் பேசலாம்.