பழிவாங்கினாரா மிட்சுஹிதே?

கேள்வி: 16ஆம் நூற்றாண்டு ஜப்பானில் தம் தலைவர் ஓடா நொபுனாகாவைக் கொன்ற சாமுராய் தளபதி அகேச்சி மிட்சுஹிதேயை இன்றும் துரோகி என்கிறார்கள். நொபுனாகா வாக்குத் தவறியதால்தானே, பகைவரிடம் பிணையாக இருந்த மிட்சுஹிதேயின் தாய் கொல்லப்பட்டார்? பெற்றவளுக்காகப் பழிவாங்கியவரைத் துரோகி என்பது நியாயமா?

பதில்: அந்தத் தாய் கதைக்குச் சமகாலச் சான்று எதுவும் இல்லை. பிற்காலத்தில், எடோ ஆட்சியில் (1603–1868) எழுதப்பட்ட நூல்கள் பரப்பிய கதை அது. தாய் பிணையாக இருந்ததாகக் கதை சொல்லும் இடமான, டன்பா பகுதியின் யகாமி கோட்டை 1579இல் எப்படி விழுந்தது என்று பாருங்கள். மிட்சுஹிதே அதை ஓராண்டுக்கு மேல் வளைத்து, உணவு போகும் வழிகளை அடைத்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் முதலில் இலை தழைகளையும் பிறகு மாடு, குதிரைகளையும் தின்றார்கள். பட்டினியால் மடிந்துகொண்டிருந்த எதிரியிடம் பெற்ற தாயைப் பிணையாக அனுப்பிவைக்க அவருக்கு என்ன அவசியம்?

இந்தக் கதையால் அவருக்கு நீங்கள் நியாயம் தேடுகிறீர்கள். எனக்கோ இது அவரைச் சிறுமைப்படுத்துவதாகவே படுகிறது. மிட்சுஹிதே ஆத்திரத்தில் வாளை உருவியவர் அல்லர், யோசித்துச் செய்தவர்.

யோசிக்க அவருக்குக் காரணங்கள் இருந்தன. 1580இல் நொபுனாகா, தம்மிடம் நெடுங்காலம் பணியாற்றிய சகுமா நொபுமோரியை 19 குற்றச்சாட்டுகள் எழுதி விரட்டினார். டன்பாவில் மிட்சுஹிதே செய்த வேலையைப் பார்த்தாயா என்று புகழ்ந்ததும் அதே ஓலையில்தான். இன்று புகழப்படுகிறவன் நாளை விரட்டப்படலாம் என்பது அவருக்குப் புரியாமல் போயிருக்காது. அடுத்தது ஷிகோகு தீவு. அதன் பெரும்பகுதியைப் பிடித்திருந்த சோசோகாபே மோட்டோசிகாவோடு நொபுனாகாவின் சார்பில் பேசிவந்தவர் மிட்சுஹிதே. நொபுனாகா திடீரென நிலையை மாற்றி அந்தத் தீவின் மீது படையெடுக்க ஆணையிட்டார். மோட்டோசிகாவோ பணிந்துபோக முன்வந்திருந்தார். ஒகயாமா அருங்காட்சியகம் ஒன்றில் இருந்த பழங்கடிதங்கள் 2014இல் இதை வெளிக்கொண்டுவந்தன. நடுவில் நின்ற மிட்சுஹிதேயின் சொல் மதிப்பிழந்தது. படை புறப்படவிருந்த வேளையில்தான் நொபுனாகா கொல்லப்பட்டார்.

1582 ஜூன் 21 விடியற்காலை. மேற்கே போரிட்டுக்கொண்டிருந்த நொபுனாகாவின் இன்னொரு தளபதி ஹிதெயோஷிக்கு உதவப் போகவேண்டிய சுமார் 13,000 வீரர்களை மிட்சுஹிதே கியோட்டோவுக்குத் திருப்பினார். ஹொன்னோஜி ஆலயத்தில் நொபுனாகா சிறு பரிவாரத்தோடு தங்கியிருந்தார். வாரிசான மகன் நொபுடாடாவும் அதே நகரில். மற்ற பெரும் தளபதிகளில் பெரும்பாலோர் தொலைதூரப் போர்முனைகளில். அப்படியொரு வாய்ப்பு இன்னொரு முறை வாய்த்திருக்காது. அன்றே தந்தையும் மகனும் மாண்டார்கள்.

மறுநாள் முதல் என்ன செய்வது என்பதை அவர் யோசிக்கவே இல்லை. இதற்கு அவருடைய கடிதமே சாட்சி. சம்பவம் நடந்து ஏழாம் நாள் ஹொசோகாவா ஃபுஜிதாகாவுக்கு எழுதியது அது. ஃபுஜிதாகா அவருடைய பழைய நண்பர், சம்பந்தியும்கூட. மிட்சுஹிதேயின் மகள் டாமா, ஃபுஜிதாகாவின் மகன் தடாஓகியின் மனைவி. அந்தத் தந்தையும் மகனுமே நொபுனாகாவுக்குத் துக்கம் காத்து முடியை மழித்துக்கொண்டார்கள். முதலில் கோபம் வந்தது, யோசித்தால் அது இயல்புதான் என்று எழுதுகிறார் மிட்சுஹிதே. பிறகு கெஞ்சல். செட்சு பகுதியைத் தருகிறேன், வேண்டுமானால் வகாசாவையும் தருகிறேன், இதைச் செய்ததே தடாஓகி போன்றவர்களை உயர்த்தத்தான், 50 முதல் 100 நாட்களில் எல்லாம் அடங்கியதும் பொறுப்பை இளையவர்களிடம் விட்டுவிடுவேன் என்கிறார். தாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. நொபுனாகா இழைத்த கொடுமை என்றும் எதுவும் இல்லை. தலைவனைக் கொன்றுவிட்டு அதற்கான காரணத்தைத் தேடும் ஒருவரின் கடிதமாகவே அதை என்னால் படிக்க முடிகிறது.

சம்பந்தி வரவில்லை. தடாஓகி, டாமாவை மலைக்கிராமம் ஒன்றில் மறைத்துவைத்தார். யமாடோ பகுதியின் தலைவர் சுட்சுயி ஜுன்கேயும் வரவில்லை. செட்சுவின் தளபதிகள் ஹிதெயோஷியின் பக்கம் சாய்ந்தார்கள். கடிதம் எழுதிய நான்காம் நாள் யமசாகியில் ஹிதெயோஷியிடம் தோற்று, தப்பியோடும் வழியில் மிட்சுஹிதே கொல்லப்பட்டார்.

அவர் நல்ல நிர்வாகி என்பதை மறுக்கவில்லை. அவர் ஆண்ட ஃபுகுச்சியாமாவில் இன்றும் அவரைக் கோயிலில் வைத்து வணங்குகிறார்கள். ஆனால் துரோகி என்ற சொல்லை அவர் மீது முதலில் சுமத்தியவர்கள் பிற்கால எழுத்தாளர்கள் அல்லர். அவரை நெருங்கி அறிந்தவர்கள், அழைத்தும் போகாமல் இருந்து அந்தத் தீர்ப்பைச் சொன்னார்கள். அதை மாற்ற எனக்குக் காரணம் தென்படவில்லை.