டைனமோ ஹவுசிங் நிற்கவில்லையா? ஸ்பேனரைக் கீழே வையுங்கள்

கேள்வி: அண்ணே, என்னிடம் 1936 ஆஸ்டின் செவன் ரூபி என்ற பழைய பிரிட்டிஷ் சின்னக் கார் இருக்கிறது. டைனமோ (காருக்கு மின்சாரம் தயாரிக்கும் கருவி) உட்காரும் கூடான ஹவுசிங்கை எஞ்சினோடு பிடிக்கும் நட்டுகளில் ஒன்று மட்டும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் கசிந்து கார் பார்க் தரையெல்லாம் கறை. பெரிய ஸ்பேனர் போட்டு இறுக்கலாமா? — உட்லண்ட்ஸ் வாசகர்

வேண்டவே வேண்டாம், தம்பி. நட்டு சுற்றுகிறதென்றால் ஸ்டட்டை, அதாவது நட்டு ஏறும் தலையில்லாத போல்ட்டைப் பிடிக்கும் மரை (திருகுப் புரி) போய்விட்டது. இந்த எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, கிராங்க் என்ற சுழல்தண்டைச் சுற்றியுள்ள கூடான கிராங்க்கேஸ் அலுமினியம். ஸ்டட் எஃகு. இழுபறியில் தோற்பது எப்போதும் அலுமினியம்தான்.

முதலில் எஞ்சினை, பிஸ்டன் முழுதாக மேலே ஏறி நிற்கும் உச்சநிலைக்குச் சுழற்றி, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் (சுழலும் முள்) எந்த வயரைப் பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காரில் டைனமோவின் சுழற்சியில்தான் டிஸ்ட்ரிபியூட்டரும் ஓடுகிறது. டைனமோவை இழுத்தால் இக்னிஷன் டைமிங்கும் (பொறி விழும் நேரக்கணக்கு) கூடவே போகும்.

கழற்றியபின் ஸ்டட் துளையின் ஓரத்தை விரல் நுனியால் தடவுங்கள். அலுமினியம் சின்ன எரிமலை வாய் மாதிரி மேலே எழும்பியிருக்கும். கசிவுக்கு மூல காரணம் பெரும்பாலும் இதுதான்; இந்த மேடு ஹவுசிங்கைத் தட்டையாக உட்கார விடாது. கவுண்டர்சிங்க் பிட்டைக் (துளை வாயைச் சரிவாகச் சீவும் கூம்பு முனை) கையில் பிடித்து இரண்டு சுற்று சுற்றி மேட்டை எடுத்துவிடுங்கள். எஃகு ஸ்கேலை, ஹவுசிங் வந்து உட்காரும் முகப்பின் மேல் வைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது.

அடுத்து மரை. ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) போல்ட் வாங்கித் திணித்துவிடாதீர்கள். இந்தக் காரின் மரைகள் பெரும்பாலும் பி.எஸ்.எஃப்., அதாவது பழைய பிரிட்டிஷ் நுண்மரை அளவு. 5/16 அங்குலம் என்றால் 7.94 மி.மீ., எம்8-க்கு ஒரு மயிரிழைதான் வித்தியாசம். ஆனால் பி.எஸ்.எஃப்.-இல் அங்குலத்துக்கு 22 புரி, எம்8-இல் சுமார் 20. முதல் இரண்டு சுற்று கையாலேயே இறங்கும், பிறகு கடிக்கும், அதன்பின் நல்ல மரையும் தூளாகும். என்னிடம் வந்த ஒரு காரில் நான்கு துளையும் இப்படியே பாழாகியிருந்தன. பார்த்தபோது மனசு வலித்தது.

சரியான வழி, அதே அளவு பி.எஸ்.எஃப். கம்பிச்சுருள் செருகி, அதாவது ஹெலிகாயில். துளை நேராக விழ வேண்டும். அளவான துளையிட்ட ஒரு இரும்புக் கட்டையை வழிகாட்டியாக வைத்து ட்ரில் செய்யுங்கள். தூள் உள்ளே போகாமல் கிரீஸ் தடவிய துணியால் எஞ்சின் வாயை அடைத்துவிடுங்கள். சுருள் முகப்புக்கு அரைச் சுற்று கீழே நிற்கட்டும். சுருளைச் செருகப் பிடியாக இருக்கும் அதன் வால் துண்டை உடைத்ததும் கையில் எடுத்து எண்ணுங்கள், உள்ளே விழுந்தால் கியரில் மாட்டும்.

புது ஸ்டட்டை மரைப்பசை தடவிக் கையால் மட்டும் இறக்குங்கள். மெல்லிய காகித கேஸ்கெட் போதும். சிலிக்கான் பிதுக்காதீர்கள். இந்த எஞ்சினில் ஜெட்கள் என்ற சின்னத் துளைக்குழல்கள் வழியாகத்தான் கிராங்குக்கு எண்ணெய் பீய்ச்சப்படுகிறது. பிய்ந்து விழும் ஒரு துணுக்கு ஜெட்டை அடைத்தால் பேரிங் போயிற்று.

நட்டுகளை விரலால் மட்டும் ஏற்றி, டைனமோவை உள்ளே செருகி, கியரை அசைத்துப் பாருங்கள். லேசான தளர்வு கைக்குத் தெரிய வேண்டும். எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி நான்கைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம் என்றால் அங்கே கியர் ஊளையிடும், ஹவுசிங்கைச் சற்று நகர்த்திச் சரிசெய்யுங்கள். பிறகுதான் அகலமான வாஷரோடு எதிரெதிராக, குட்டை ஸ்பேனரால் சிறிது சிறிதாக இறுக்கம்.

சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். நட்டுக்கு அடியில் அமுங்கி, ஆறியதும் பிடி தளரும். அதனால் முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் முழுசாக ஆறிய பிறகு, மறுநாள் காலையில் ஒவ்வொரு நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் பழங்காலக் கார்களுக்கான விண்டேஜ் திட்டத்தில் வருடத்துக்கு 28 நாள்தான் ஓட்ட முடியும். அவசரம் எதுவும் இல்லை.