அறுபது வயது ஃபைபர்கிளாஸ் பாய்ப்படகை வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் குடும்பத்தோடு இருக்கிறேன். இரண்டு வருடமாகப் பாய்ப்படகு ஓட்டக் கற்று வருகிறேன். 1962-இல் கட்டிய 'பியர்சன் ட்ரைட்டன்' ஒன்று 4,000 டாலருக்கு வருகிறது. பந்தயத்துக்கும் ஆகும், குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கிப் போய்வரவும் ஆகும் என்கிறார் விற்பவர். இவ்வளவு பழைய ஃபைபர்கிளாஸை நம்பலாமா?

பதில்: ஃபைபர்கிளாஸை நம்பலாம். அதற்குள் மறைந்திருக்கும் மரத்தைத்தான் நம்பக் கூடாது.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பிறந்த படகு இது. ரோட் ஐலண்டின் பிரிஸ்டல் நகரில் கிளின்டன் பியர்சன், எவரெட் பியர்சன் என்ற ஒன்றுவிட்ட சகோதரர்கள் சின்னச் சின்ன ஃபைபர்கிளாஸ் படகுகள் செய்துகொண்டிருந்தார்கள். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில், நாலு பேர் படுத்துத் தூங்கக்கூடிய ஒரு படகு வேண்டும் என்ற யோசனையோடு டாம் பாட்டர் என்பவர் அவர்களிடம் வந்தார். ஸ்வீடனில் பிறந்த கார்ல் ஆல்பெர்க் வரைந்து கொடுத்தார். 1959 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 9,700 டாலர் விலையில் வைத்தார்கள். அங்கேயே 17 ஆர்டர் கிடைத்தது. 1967 வரை எழுநூறுக்கும் மேல் கட்டினார்கள். பெரிய பாய்ப்படகையும் அச்சில் வார்த்து வரிசையாக விற்க முடியும் என்று அமெரிக்கச் சந்தைக்குக் காட்டிய படகுகளில் இது முக்கியமானது.

விற்பவர் சொல்லும் 'பந்தயமும் பயணமும்' வெறும் விற்பனைப் பேச்சு இல்லை. படகைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மொத்த நீளம் 28 அடி 6 அங்குலம். தண்ணீரைத் தொடும் நீளமோ 20 அடி 6 அங்குலம்தான். முன்னும் பின்னுமாகச் சேர்த்து எட்டு அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். காரணம், அன்றைய அமெரிக்கப் பந்தய விதி. நீர்மட்ட நீளம் கூடினால் படகு வேகமானது என்று கணக்கிட்டு, மெதுவான படகுக்குப் பந்தய நேரத்தில் கழித்துக் கொடுக்கும் சலுகையை அதற்கேற்பக் குறைப்பார்கள். ஆல்பெர்க் நீர்மட்டத்தில் குட்டையாக வைத்தார். காற்றில் படகு சாயும்போது அந்த நீட்டல்கள் தண்ணீரில் இறங்கி, ஓடும் நீளம் கூடிவிடும். என் கண்ணுக்கு இன்றும் இது அழகான உருவம். ஆனால் அகலம் 8 அடி 3 அங்குலம்தான். இன்றைய 28 அடிப் படகில் ஏறிப் பார்த்துவிட்டு இதற்குள் இறங்கினால் ரயில் பெட்டிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள்.

சரி, எங்கே கெடும்? அடிப்பகுதி கெட்டியான ஃபைபர்கிளாஸ். அந்தக் காலத்தில் தாராளமாகவே போட்டிருக்கிறார்கள். ஜேம்ஸ் பால்ட்வின் என்பவர் ஒரு ட்ரைட்டனில் உலகத்தை இரண்டு முறை சுற்றி வந்திருக்கிறார். சிக்கல் மேல்தளத்தில். அங்கே இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் இருக்கிறது. ஒரு திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் போதும், பால்சா ஊறிக் கூழாகிவிடும். மேலே பெயின்ட் பளபளவென்றே இருக்கும்.

ஒரு நண்பருக்காக இதே ரகப் படகைப் பார்க்கப் போனபோது, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டினோம். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்டது. கைப்பிடிக் கம்பியின் அடியை நெருங்கியதும் 'தொப் தொப்'. அதே இடத்தில் குதிகாலை அழுத்தினால் தளம் லேசாக அமுங்கியது. அத்தனை தளத்தையும் பிரித்துப் போடும் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு அவர் திரும்பிவிட்டார். நீங்களும் தட்டுங்கள். பாய்மரம் தளத்தின் மேலேதான் நிற்கிறது. அதன் அடியில் தாங்கும் உத்தரம் மரம். அங்கே தளம் குழிந்திருக்கிறதா, உள்ளே கதவு இறுகி மாட்டுகிறதா என்று பாருங்கள். சுக்கானும் மரப் பலகைதான்.

எஞ்சினைக் கேட்டு வையுங்கள். பழைய 'அட்டாமிக் 4' இன்னும் இருந்தால் அது பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். அந்த ஆவியை வெளியே தள்ளும் விசிறியை ஓடவிட்ட பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். விசிறி வேலை செய்யவில்லை என்றால் சோதனை ஓட்டத்துக்கே சம்மதிக்காதீர்கள்.

அப்புறம் உரிமைப் பத்திரம். படகின் உடலில் இன்று கட்டாயமாகப் பொறிக்கும் அடையாள எண் 1972 நவம்பரில்தான் வந்தது. 1962 படகில் அது இல்லாமல் இருப்பது குற்றமில்லை. ஆனால் பதிவுத் தாளில் உள்ள எண்ணும் பெயரும் விற்பவருடையவைதானா, கடன் பாக்கி ஏதும் உண்டா என்று பணம் கொடுக்கும் முன் சரிபாருங்கள்.

4,000 டாலர் என்பது உள்ளே நுழையும் சீட்டு மட்டும்தான். நீங்களே அமர்த்தும் சர்வேயர் (படகைச் சோதித்துச் சொல்லும் நிபுணர்), காப்பீடு, நிறுத்துமிட வாடகை, குளிர்காலத்தில் கரையேற்றும் கூலி, புதுப் பாய் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் சர்வேயர் வேண்டாம்.

கேள்வி: பந்தயத்தில் ஜெயிக்குமா?

பதில்: முதல் ஆளாகக் கரை சேராது. நீர்மட்ட நீளத்தை வைத்துப் பார்த்தால் சுமார் 6 நாட் (மணிக்கு 11 கி.மீ.) வேகம்தான். ஆனால் கிளப் பந்தயங்களில் ஒவ்வொரு ரகத்துக்கும் மைலுக்கு இத்தனை வினாடி என்று நேரச் சலுகை உண்டு. பாய் புதியதாகவும் அடிப்பாகம் பாசியில்லாமலும் இருந்தால், கணக்குப் பார்க்கும்போது ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறது.