கொசு மருந்து அடிக்க டெல்லியிலிருந்து ஆள் வருவதில்லை

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். மகனுக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். தனியார் ஆய்வகத்தில் டெங்கு என்றார்கள். தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் காய்ச்சல் இருந்தும் சுகாதாரத் துறையினர் எட்டிப் பார்க்கவில்லை. டெல்லி நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆள் என்று ஒருவர் அட்டையைக் காட்டி, பணம் கட்டினால் வீட்டைப் பதிவு செய்து மருந்து அடிப்பதாகச் சொல்கிறார். கட்டலாமா? டெல்லிக்கே எழுதிவிடலாமா?

பதில்: ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள் அம்மா. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் வீடு வீடாக வந்து வசூல் செய்யும் நிறுவனம் அல்ல. 1909-இல் மலேரியாவுக்காக இமாசல மலைப்பகுதியான கசௌலியில் தொடங்கப்பட்டு, 2009-இல் இந்தப் பெயரைப் பெற்றது. எந்த மாவட்டத்தில் எந்த நோய் வழக்கத்துக்கு மேல் கூடுகிறது என்று கவனித்து மாநிலங்களை எச்சரிப்பதும், தேவைப்பட்டால் நிபுணர் குழுவை அனுப்புவதும் அதன் வேலை. கொசு மருந்து உங்கள் மாநகராட்சியின் பொறுப்பு.

டெல்லி கவனிக்க வேண்டுமானால் எத்தனை பேருக்கு நோய் என்ற கணக்கு கீழிருந்து போக வேண்டும். அங்கேதான் எல்லாம் அறுந்து கிடக்கிறது. தனியார் ஆய்வகம் பணத்தை வாங்கிக்கொண்டு தாளைக் கையில் கொடுத்துவிடும். அரசுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு நினைவுக்கே வராது. அதற்காக யாரும் அவர்களைக் கேட்பதும் இல்லை. ஆய்வகத்துக்கு ஆள் பிடித்துத் தரும் தரகர்கள் மருத்துவமனை வாசலிலேயே நிற்கிறார்கள். 'ரத்த அணு குறைகிறது, தினமும் பாருங்கள்' என்று பயமுறுத்துவார்கள். மருத்துவர் சொல்லாமல் அவர்கள் பின்னால் போகாதீர்கள்.

அட்டையில் கோடு விழும் அவசரச் சோதனையை அரசு உறுதியான டெங்குவாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆய்வகத்தில் ரத்தத்தைக் கருவியில் வைத்துப் பார்க்கும் எலிசா சோதனை வேண்டும். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1, பிறகு உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். மகனை அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கேளுங்கள்.

இதில் ஒரு விஷயம் கடலூர்க்காரர்களுக்கென்றே உண்டு. ஆற்றைத் தாண்டினால் புதுச்சேரி. பலரும் அங்குள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்கோ தனியார் மருத்துவமனைக்கோ போய்விடுகிறார்கள். போவதில் தவறில்லை. ஆனால் பதிவுச் சீட்டில் புதுச்சேரிப் பக்கம் கன்னியக்கோயிலில் உள்ள உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்தால், மருந்து அடிப்பவர்கள் அந்த வீட்டைத் தேடிப் போவார்கள். உங்கள் தெருக் கொசு நிம்மதியாக இருக்கும். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், நீங்கள் இருப்பது தமிழ்நாடு. தகவல் எல்லை தாண்டி வர வேண்டுமானால் முகவரி சரியாக இருக்க வேண்டும். ஆதாரில் உள்ள பழைய முகவரியும் வேண்டாம். காய்ச்சல் வருவதற்கு முன்பு மகன் எங்கே தங்கியிருந்தானோ, அதைக் கதவு எண்ணோடு சொல்லுங்கள். விடுதியில் படிப்பவனாக இருந்தால் விடுதி முகவரி.

பிறகு மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்து மாநகர் நல அலுவலருக்கு ஒரே மனுவாக எழுதி, பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் சொல்லி வையுங்கள். புகை அடித்துவிட்டார்கள் என்று ஓய்ந்துவிடாதீர்கள். அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தொட்டி, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, மாடியில் கிடக்கும் டயர் ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள்.

மகனுக்குப் பாராசிட்டமால் போதும், அளவை மருத்துவர் சொல்வார். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் ஆபத்து அதிகம். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு, சோர்ந்து மயங்குதல் என எது தெரிந்தாலும், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.